சட்டைக் கொலரில் படியும் புகை

மட்டக்குளியில் நான் கிழமைக்கு ஒரு தடவை போய்வரும் வீடுகளில் அந்த அக்காவின் வீடும் ஒன்று. கிளிநொச்சிப் பக்கத்துக் குடும்பம். 2009 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முகாமுக்குப் போய், பிறகு உறவினரை நம்பிக் கொழும்புக்கு வந்தவர்கள். வன்னியில் லொறி ஓட்டிய கணவர், இப்போது புறக்கோட்டையிலிருந்து காலி வீதி வழியாகத் தனியார் பஸ் ஓட்டுகிறார். அந்த நாட்சம்பளத்தில்தான் மூன்று பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

அன்று அக்கா உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். கணவரின் வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொலரை விரித்துக் காட்டினார். உட்பக்கம் கறுத்திருந்தது.

"இது வேர்வை ஊத்தையில்லைத் தங்கச்சி. வேர்வையெண்டால் சவுக்காரத்துக்குப் போகும். இவருக்கு இரவிலை ஒரே இருமல். சிகரெட்டை விட்டு ஆறு வருசமாச்சு. பிறகு இந்த இருமல் எங்கையிருந்து வருது?"

உண்மையைச் சொன்னால், அவர் ஒளித்துப் புகைக்கிறார் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். மருந்து கொடுத்த வைத்தியரும் சிகரெட் பற்றித்தான் கேட்டாராம். என்ன தொழில், ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் என்று எவரும் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து, தொழிலும் நோயும் பற்றிப் பரீட்சை எழுதித் தேறிய நானும் கேட்கவில்லை.

அடுத்த கிழமை ஒரு காலைப்பொழுது முழுவதும் அவருடைய பஸ்ஸில், முன் இருக்கையில் இருந்தேன். எங்கள் நாட்டில் ஓடும் பல பஸ்களில் இயந்திரம் முன்பக்கம், சாரதியின் இடது பக்கத்தில் இருக்கிறது. அதன் மேல் ஒரு மூடி. மூடியைச் சுற்றியுள்ள இறப்பர் தேய்ந்துபோனால் சூடும் டீசல் புகையும் நேரே உள்ளே வரும். அந்த பஸ்ஸில் இறப்பர் இருந்த இடத்தில் பழைய சாக்கைத் திணித்திருந்தார்கள். புறக்கோட்டையில் ஆட்கள் நிரம்பும்வரை இயந்திரத்தை நிறுத்தாமல் காத்திருந்தார்கள். முன்னால் நின்ற பஸ்ஸின் புகை எங்கள் கதவால் ஏறியது. மூன்றாவது ஓட்டம் முடிந்து இறங்கியபோது என் தலை வலித்தது. முகத்தைத் துடைத்த கைலேஞ்சியிலும் அக்கா காட்டிய அதே கறுப்பு.

நான் இறங்கி வீட்டுக்குப் போனேன். அவருக்கு இன்னும் ஒன்பது மணித்தியாலம் இருந்தது.

டீசல் புகையில் கண்ணுக்குத் தெரியும் கரியை விட, தெரியாத துணிக்கைகள்தான் மோசமானவை. 2.5 மைக்குரோமீற்றரும் அதற்குக் குறைவுமான இவை தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கில் தங்காமல் நுரையீரலின் அடிவரை போகும். இவற்றின் அளவு ஒரு கனமீற்றர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்குரோகிராமுக்கு மேற்படக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021 இல் சொன்னது. டீசல் புகை நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இல் உறுதியாக அறிவித்தது. புகையோடு வரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் தலையிடியும் களைப்பும் வரும். சாரதிகள் அதை வெயில் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இருந்தபடி செய்யும் வேலை என்பது இன்னொரு பாரம். லண்டன் பஸ்களில் படியேறி இறங்கிய நடத்துநர்களை விட, இருந்தே ஓட்டிய சாரதிகளுக்கு இருதய நோய் கூடுதலாக வந்ததை ஜெரி மொறிஸ் என்ற வைத்தியரின் குழு 1953 இலேயே காட்டியது.

மேல் மாகாணத்தில் 2008 இல் வாகனப் புகைப் பரிசோதனை தொடங்கியது. நல்ல காரியம்தான். ஆனால் அது பார்ப்பது பின்னாலுள்ள புகைக்குழாயை. சாரதி சுவாசிப்பது முன்னால். கர்ப்பிணித் தாய்மாருக்கு என்று எழுதிய இருக்கையும் முன்பக்கத்தில்தான் இருக்கிறது என்பதை அன்றுதான் கவனித்தேன்.

"கிளினிக்குக்கு வாங்கோ அண்ணை" என்று கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். கனரக வாகன அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க மருத்துவச் சான்றிதழ் வேண்டும். "நெஞ்சு வருத்தம் எண்டு ஒருக்கா எழுதிப்போட்டால் லைசன்ஸ் போச்சு பிள்ளை. பிறகு ஆர் சோறு போடுறது?" சேமலாப நிதி இல்லை, சுகயீன விடுமுறை இல்லை. இந்தப் பயத்தை அறியாமை என்று நான் சொல்லமாட்டேன்.

அக்காதான் விடவில்லை. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும், அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் அது இலவசம் என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் பிள்ளையளுக்கும் தொத்தினால்?" என்று கேட்டுத்தான் கூட்டிப்போனார். நானும் போனேன். தொழிலையும் மணித்தியாலங்களையும் ஒரு துண்டில் எழுதி முதலிலேயே வைத்தியரிடம் கொடுத்தோம். சகோதரிகளே, உங்கள் வீட்டில் பஸ், லொறி, முச்சக்கரவண்டி ஓட்டுபவர் இருந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். உங்களுக்கே இருமல் என்றால் விறகடுப்பில் சமைப்பதையும் சொல்லுங்கள். அந்தப் புகையிலும் இதே நுண்துணிக்கைகள் உண்டு.

காசநோய் இல்லை. ஊதிப் பார்த்ததில் சுவாசக் குழாய்கள் சுருங்கியிருப்பது தெரிந்தது. உறிஞ்சும் மருந்து கொடுத்தார்கள்.

பஸ் உரிமையாளரிடம் நோயைப் பற்றிப் பேசவில்லை. புகை உள்ளே வருவதால் முன் இருக்கையில் ஆட்கள் இருக்கிறார்கள் இல்லை என்று அவர் சொல்லிப் பார்த்தார். நாலு நாளில் மூடிக்குப் புது இறப்பர் வந்தது, புகைக்குழாயின் வெடித்த பொருத்தும் ஒட்டப்பட்டது! தரிப்பிடத்தில் இயந்திரத்தை நிறுத்துகிறார். பஸ்ஸைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லியிருக்கிறார். கைலேஞ்சியை மூக்கில் கட்டுவதால் நுண்துணிக்கைகள் நிற்காது. என்95 முகக்கவசம் துணிக்கைகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. அந்தச் சூட்டில் அதைப் பகல் முழுக்கப் போட்டிருக்கவும் ஏலாது என்கிறார்.

அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது. அக்கா நாட்காட்டியில் அந்தத் திகதியைச் சுற்றிக் கோடு போட்டு வைத்திருக்கிறார். சென்ற கிழமை போனபோது சட்டையை மறுபடி எடுத்துக் காட்டினார். கொலர் இன்னும் கறுக்கிறது. முந்தின அளவுக்கு இல்லையாம்.