தண்ணீர் போன வழியே ஒரு சைக்கிள் சவாரி

உங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பழைய சைக்கிள் சாத்தி வைத்திருக்கிறதா? இருந்தால் அதன் மேல் படிந்திருக்கும் தூசியைத் துடையுங்கள். சங்கிலிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். டயர்களுக்குக் காற்று அடித்துக்கொள்ளுங்கள். தை மாதத்தில் மூன்று நாள் விடுமுறை கிடைத்தால் நாம் ஒரு பிரயாணம் போய் வரலாம்.

எங்கே என்கிறீர்களா? விருதுநகர் மாவட்டத்துக்கு!

நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. "அங்கே வெயிலும் வெடியும்தானே உண்டு? தண்ணீர்க் கரையோரமாக சைக்கிளில் உல்லாசமாகப் போக வேண்டுமானால் பிரான்ஸ் தேசத்துக்கல்லவா போக வேண்டும்?" என்கிறீர்கள்.

பிரான்ஸைப் பற்றி நீங்கள் சொல்வது வாஸ்தவம்தான். அங்கே துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடல் வரையில் 240 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாய் ஓடுகிறது. 'கனால் டு மிதி' என்று அதற்குப் பெயர். 1681-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அந்தக் காலத்தில் குதிரைகள் கரையில் நடந்து படகுகளைக் கயிறு கட்டி இழுத்துப் போகும். இன்று குதிரை நடந்த தடத்தில் சைக்கிள்கள் ஓடுகின்றன. உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் ஜனங்கள் அங்கே போய் மிதிக்கிறார்கள்.

ஆனால் நமக்கும் அப்படி ஒரு வழி உண்டு. அங்கே படகுக்காக வெட்டினார்கள். இங்கே சோற்றுக்காகக் கட்டினார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்!

*பூமி சாய்ந்திருக்கிறது*

முதல் நாள் வத்திராயிருப்பில் ஆரம்பிப்போம். மேற்குத் தொடர்ச்சி மலை ஊருக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. மலையடிவாரத்தில் பிளவக்கல் என்னுமிடத்தில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். முல்லைப் பெரியாறு என்று நினைத்துவிடாதீர்கள், இது வேறு. இந்த அணைகளின் தண்ணீர் சுமார் 40 கண்மாய்களுக்குப் பாய்கிறது. நெல் வயலும் தென்னந்தோப்புமாக அந்தப் பிரதேசத்தைப் பார்க்கிறவர்கள், "இதுவா வறண்ட சீமை?" என்று கேட்பார்கள்.

வத்திராயிருப்பிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், அங்கிருந்து சிவகாசி, அங்கிருந்து சாத்தூர். ஒவ்வொரு கட்டமும் 20 கிலோமீட்டருக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். நாளைக்கு ஒரு கட்டம் போனால் போதும். நாம் பந்தயத்துக்கா போகிறோம்?

இப்போது ஒரு கணக்கைக் கவனியுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 140 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சிவகாசி ஏறக்குறைய 100 மீட்டர். சாத்தூர் ஏறக்குறைய 60 மீட்டர். அதாவது, கிழக்கே ஒரு கிலோமீட்டர் போனால் பூமி இரண்டு மீட்டர் தாழ்கிறது. கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. காரிலோ பஸ்ஸிலோ போகிறவருக்கும் தெரியாது. சைக்கிள் மிதிக்கிறவரின் முழங்காலுக்கு மட்டும் தெரியும்! வாடைக் காற்று எதிரே வந்து முகத்தில் மோதினாலும், 'போ, போ' என்று யாரோ பின்னாலிருந்து மெல்லத் தள்ளுகிற மாதிரி இருக்கும்.

முழங்காலைப் போல இந்தச் சரிவை அறிந்தது இன்னும் ஒன்று உண்டு. அதுதான் தண்ணீர். அந்தத் தண்ணீரின் புத்தியை நம் முன்னோர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். மலையிலிருந்து ஓடி வரும் மழைத் தண்ணீரை ஆங்காங்கே பிறை வடிவமாகக் கரை போட்டு மறித்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஏரி, திருநெல்வேலியில் குளம் என்பார்கள். இங்கே அது கண்மாய். ஒரு கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலுங்கின் வழியாக வழிந்து, கீழே இருக்கும் அடுத்த கண்மாய்க்குப் போகும். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்தது. பந்தியில் வரிசையாக இலை போட்டுப் பரிமாறுகிற மாதிரி!

*கரையின் மேலே*

கண்மாய்க்கரை எப்போதும் தாழ்ந்த பக்கத்தில், அதாவது கிழக்கே இருக்கும். விடியற்காலையில் அதன் மேல் ஏறி மேற்கே திரும்பிப் பாருங்கள். முதுகில் இளம் வெயில்; எதிரே பரந்த தண்ணீர்; அதற்கப்பால் நீல மலை. நத்தைகுத்தி நாரைகள் ஆழமில்லாத இடத்தில் நின்று காலை ஆகாரத்தைத் தேடிக்கொண்டிருக்கும். நீர்க்காகம் ஒன்று முழுகும். எங்கே எழும்பப் போகிறது என்று நாம் பந்தயம் கட்டலாம்.

கரையை ஒட்டித் தண்ணீருக்குள் இரண்டு கல் தூண்கள் நிற்பதைக் கவனியுங்கள். அதுதான் மடை. முற்காலத்தில் மடை திறக்க வேண்டுமானால் ஓர் ஆள் நீந்திப் போய், அந்தத் தூண்களுக்கு நடுவே இருக்கும் அடைப்பைத் தூக்க வேண்டும். கரை முடியும் இடத்தில் கலுங்கு. அதன் மேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருக்கும். அழகுக்காக நட்டவை என்று நினைக்காதீர்கள். மழைக்காலம் முடியும் சமயத்தில் கற்களுக்கு இடையில் புல்லும் மண்ணும் வைத்து அடைத்தால் இன்னும் ஒரு முழம் தண்ணீர் நிற்கும். வெள்ளம் வந்தால் அடைப்பைப் பிடுங்கி விடலாம். என்ன யுக்தி, பாருங்கள்!

ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்கும்போது, 192 அடி உயரமுள்ள கோபுரம் வெகு தூரத்திலிருந்தே உங்களைக் கூப்பிடும். தமிழ்நாட்டு அரசின் முத்திரையில் இருக்கும் கோபுரம் இதுதான் என்பார்கள். ஆண்டாளைத் தரிசித்துவிட்டுப் பால்கோவா வாங்கிக்கொள்ளுங்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா அது. 'சாயங்காலம் சாப்பிடலாம்' என்று பையில் கட்டி வைக்காதீர்கள். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும் என்பது என் அநுபவம்.

*முள்ளும் ஒரு பெரியவரும்*

இரண்டாம் நாள் பூமியின் நிறம் மாறுகிறது. செம்மண் போய்க் கரிசல் வருகிறது. கரிசலில் சைக்கிள் விடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே களிமண் புகுந்துகொண்டால், சைக்கிள் உங்களைச் சுமக்காது. நீங்கள்தான் சைக்கிளைச் சுமக்க வேண்டும்!

அடுத்தது சிவகாசி. சண்முக நாடாரும் அய்ய நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியது 1923-ல். மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு. தீப்பெட்டியும் வெடியும் காய்வதற்கு இதைவிடச் சௌகரியம் வேறென்ன வேண்டும்? பொட்டல் வெளியில் தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன அறைகள் பட்டாசு ஆலைகளைச் சேர்ந்தவை. விபத்து நேர்ந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தீ தாவாமல் இருப்பதற்காக அந்த இடைவெளி. அந்தப் பக்கம் போகும்போது பீடி, சிகரெட், நெருப்புப் பெட்டி எதுவும் வேண்டாம்.

சிவகாசிக்குக் கிழக்கே, ஒரு கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் ஓரமாகப் போனபோதுதான் எனக்கு அந்தச் சங்கடம் நேர்ந்தது. கொஞ்ச தூரத்தில் கால்வாயையே காணோம்! சீமைக்கருவேலம் புதராக மண்டி, தடமும் தண்ணீர் வழியும் ஒன்றாக மறைந்து போயிருந்தன. 'புஸ்' என்று ஒரு சத்தம். முன் டயரில் முள்.

டியூபை வெளியே இழுத்து, உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"முள்ளா தம்பி?"

"ஆமாம் ஐயா. இந்த வழியாகக் கண்மாய்க்குப் போகலாம் என்று பார்த்தேன்."

"தண்ணியே போக முடியலை, நீங்க எங்கே போறது?" என்று சிரித்தார். பிறகு, தாமாகவே சொன்னார்: "எங்க அப்பா இந்தக் கம்மாய்க்கு நீர்பாய்ச்சி. கம்மாய் பெருகுன வருசம் வயலுக்குப் போவோம். பெருகாத வருசம் வீட்டுப் பொம்பளைங்க மருந்து வேலைக்குப் போவாங்க. அப்புறம் பெருகுற வருசமே கொறைஞ்சு போச்சு. இப்ப எல்லாருக்கும் மருந்து வேலைதான். காலையிலே போன புள்ளை சாயங்காலம் வீட்டுக்கு வர்ற வரைக்கும் காது ரோட்டுப் பக்கமே இருக்கும்."

'மருந்து' என்று அவர் சொன்னது வெடிமருந்தை. நான் ஒட்டுப் போடுவதை நிறுத்திவிட்டேன்.

"கண்மாயைத் தூர் வாரினார்களே?" என்று கேட்டேன். 2017-ல் அரசாங்கம் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே கண்மாய்களைச் செப்பனிடும் திட்டம் கொண்டு வந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

"வாருனாங்க. நல்லாத்தான் வாருனாங்க. பானையை வெளக்கி வச்சாச்சு தம்பி. தண்ணி எடுக்கப் போற பாதையிலே முள்ளு கெடக்கே!"

அந்த முள் கையில் குத்தியதைவிட இந்த வார்த்தை ஆழமாகக் குத்தியது. ஒரு கண்மாய் கெட்டால் அந்த ஊர் மட்டும் கெடுவதில்லை. மேலே ஒரு கலுங்கு உடைந்தாலோ, நடுவே ஒரு கால்வாய் மறைந்தாலோ, கடைசி இலைக்குச் சோறு வராது. அங்கே உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு நேரம்தான் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்? எழுந்து போய்விடுவார்.

*கூடுமிடம்*

மூன்றாம் நாள் சாத்தூர். வழியில் பார்த்த பனைமரங்களுக்கெல்லாம் இங்கே அர்த்தம் விளங்கும்: கருப்பட்டி மிட்டாய்! அதோடு காரச் சேவும் ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கன்குடி. ஆடிக் கடைசி வெள்ளியில் லட்சக்கணக்கான ஜனங்கள் கூடும் மாரியம்மன் சந்நிதி. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் அங்கேதான் கலக்கின்றன. வத்திராயிருப்பு மலையிலிருந்து நம்மோடு புறப்பட்ட தண்ணீரில் மிஞ்சியது இங்கே வந்து சேர வேண்டும். அம்மனின் பெயரே மாரி. மாரி என்றால் மழையல்லவா?

ஆற்று மணலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்காருங்கள். மூன்று நாட்களாக உங்கள் கால்கள் எழுதிய கணக்கை ஒருதரம் கூட்டிப் பாருங்கள். எங்கே மிதிப்பது சுலபமாக இருந்தது, எங்கே தடம் அறுந்தது, எங்கே முள் குத்தியது? உங்கள் சைக்கிள் நின்ற இடத்தில்தான் தண்ணீரும் நின்றிருக்கும்.

ஊருக்குத் திரும்பியதும் இன்னொரு காரியம் செய்யலாம். உங்கள் ஊரிலும் ஒரு கண்மாயோ, குளமோ, ஏரியோ இல்லாமலா போகும்? அதற்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பாதை மறைந்திருந்தால், மறைந்த இடத்தை நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

பம்பையும் பஞ்சர் ஒட்டும் சாமானையும் மட்டும் மறந்துவிடாதீர்கள்!