விசைப்படகு ஒருபுறம் இழுப்பதேன்?

சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டிக்கும் அக்கரையிலுள்ள நெருஞ்சிப்பேட்டைக்கும் இடையே, கதவணையால் தேங்கிய காவிரி அகன்று விளங்குகின்றது. மக்கள் அதனை விசைப்படகேறிக் கடக்கின்றனர்.

பின்புறத்தில் பொறி மாட்டிய சிறு படகுகளில் ஒரு குறை காணப்படுவதுண்டு. ஓட்டுபவர் கைப்பிடியைத் தளர்த்தியதும் படகு ஒருபுறமாகத் திரும்பும். அதனை நெடுநேரம் எதிர்த்துப் பிடித்தால் கை சோரும். சோர்ந்த கை நழுவினால், ஏறியிருப்போர் உயிருக்கே ஊறு நேரலாம்.

இதற்குக் காரணம் யாது? முதலில் பாரத்தைப் பார்த்தல் வேண்டும். மக்கள் ஒருபக்கமாக அமர்ந்திருப்பினும், உள்ளே நீர் தேங்கிப் படகு சாய்ந்திருப்பினும் வழி கோணும். பாரம் சமமாக இருந்தும் இழுப்பு நீங்காவிடின், பொறியை நோக்குதல் வேண்டும். பொறி முன்பின்னாகச் சாய்ந்திருப்பின், சுழல்விசிறியின் ஒருபக்க இதழ் மறுபக்க இதழைவிட வலிவாக நீரைத் தள்ளும். சாய்வைத் திருத்தினால் இழுப்புக் குறையும்.

எஞ்சியதைப் போக்கப் பல பொறிகளில் விசிறிக்கு மேலே ஒரு சிறு தகடு அமைந்துள்ளது. பொறியை நிறுத்திவிட்டு, படகு வலப்புறம் இழுத்தால் தகட்டின் பின்விளிம்பை வலப்புறமும், இடப்புறம் இழுத்தால் இடப்புறமும் சிறிதளவு திருப்புதல் வேண்டும். ஓடும் நீர் தகட்டில் மோதி, அவ்விழுப்பை எதிர்த்து நிற்கும்.

பரிசலாயினும் விசைப்படகாயினும், கரையிலேயே குறையைக் களைந்து புறப்படுவதே ஓட்டுபவர் கடமையாகும்.