அயல்வாணிகமும் தறியும்: தொழிலிழந்தார்க்கு அரசின் துணை

அயல்நாட்டு வாணிகத்தால் விளையும் ஊதியம் பலர்க்கும் பரவிச் செல்வது. அதனால் நேரும் இழப்போ ஒரு சிலர் தலைமேல் வீழ்வது. அவ்விழப்பை அரசு ஈடுசெய்ய முயன்ற முறைகளைக் காவிரி நாட்டு நெசவாளர் நிலைகொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெசவு இந்நாட்டின் தொன்மைத் தொழில்களுள் ஒன்று. புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் காருகர் வாழ்ந்தமையைச் சிலப்பதிகாரம் கூறும். மயிலாடுதுறையைச் சார்ந்த கூறைநாடு மணப்புடவையாலும், கும்பகோணத்தை அடுத்த திருபுவனம் பட்டாலும் பெயர்பெற்றவை. சோழமண்டலக் கரையினின்று கடல்கடந்து சென்ற துணிவாணிகம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தலைகீழாயிற்று. இங்கிலாந்தின் ஆலைத்துணி இங்கு வந்து குவிந்தது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானியத் துணியும் உடன் சேர்ந்தது.

1934இல் இறக்குமதி வரியைத் திருத்திய இந்திய அரசு, அயல்நூல்மீது இராத்தலுக்குக் காலணா வீதம் கிட்டும் தொகையை அளவாகக் கொண்டு, ஆண்டுக்கு ஏறத்தாழ 5 இலட்சம் ரூபாயைக் கைத்தறிக்கென மாகாணங்கட்கு வழங்க முற்பட்டது. மறு ஆண்டே சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. இன்று கோ-ஆப்டெக்ஸ் எனப்படுவது அதுவே.

இவ்வுதவியில் இரண்டு செய்திகள் நோக்கற்பாலன. முதலாவது, வரி விதிக்கப்பெற்ற நூல் நெசவாளனுக்கு மூலப்பொருள். ஆகவே, அவனுக்கு அளிக்கப்பெற்ற துணையில் ஒரு பகுதியை அவனே செலுத்தினான் எனலாம். 1953ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை மாற்றி, ஆலைத்துணிமீது கெசத்துக்கு 3 தம்பிடி தீர்வை விதித்து, அத்தொகையைக் கதர்க்கும் கைத்தறிக்கும் உரியதாக்கிற்று. அப்போது போட்டி உள்நாட்டு ஆலையினின்றே பெரிதும் வந்தது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இரண்டாவது, துணை சங்கத்தின் வழியே சென்றது. சங்கத்தில் சேர்ந்த நெசவாளன் நூலும் விற்பனையும் பெற்றான். பிறர் தறியில் கூலிக்கு நெய்தவனும், தார் சுற்றியும் பாவு தோய்ந்தும் பிழைத்த பெண்டிரும் அத்துணைக்குப் புறத்தே நின்றனர். தறி நின்றபோது முதலில் பசித்தவர் இவர்களே.

அமெரிக்கா வேறொரு வழியை மேற்கொண்டது. இறக்குமதியால் வேலையிழந்தார்க்குப் பணவுதவியும் தொழிற்பயிற்சியும் இடம்பெயரும் செலவும் தர 1962ஆம் ஆண்டுச் சட்டம் வகைசெய்தது. ஆயினும் அதன் நிபந்தனைகள் கடுமையாக இருந்தமையால், 1969 வரை தொழிலாளர் விண்ணப்பம் ஒன்றும் ஏற்கப்படவில்லை. 1974இல் நிபந்தனைகள் தளர்ந்தன. 2022 சூலை முதல், புதிய விண்ணப்பங்களை ஏற்கும் அதிகாரமே முடிவுற்றது.

முன்னது தொழிலைத் தாங்குவது. பின்னது தொழிலாளியைத் தாங்குவது. தொழிலைத் தாங்கினால் ஊரும் கைத்திறனும் நிலைக்கும். ஆயின் பதிவேட்டில் இல்லாதவர் விடுபடுவர். ஆளைத் தாங்கினால் உதவி உரியவர் கையைச் சேரும். ஆயின் தலைமுறையாக வந்த திறன் ஒழியும். கூறைநாட்டுத் தறிக்கு முன்னதும், அத்தறியருகே தார் சுற்றியவளுக்குப் பின்னதும் வேண்டும். ஒன்று மற்றொன்றற்கு ஈடாகாது என்பதே இவ்வரலாற்றால் பெறப்படும் முடிபு.