இருபது நிமிடத்தில் சத்தான இரவுச் சாப்பாடு

கோதுமை ரவையைத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, துளையிட்ட அச்சில் அழுத்திப் பிழிந்து, ஈரம் போகக் காயவைத்து எடுப்பதே பாஸ்தா. சேமியா செய்யும் முறையும் இதுவே என்பதால், இத்தாலியிலிருந்து வந்த பெயர் புதிதாக இருந்தாலும், தென்காசி மாவட்டத்துச் சிவகிரியில் வேலை முடிந்து இருட்டும் நேரத்தில் வீடு திரும்பி அடுப்பைப் பற்றவைப்பவர்களுக்கு அதன் சமையல் புதிதன்று.

கோதுமை மாவில் தண்ணீர் சேரும்போது அதிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து 'குளூட்டன்' என்னும் வலையாகின்றன; அரிசி மாவில் இந்த வலை இல்லாததால்தான் இடியாப்பத்தை ஆவியில் அவிக்க வேண்டியிருக்கிறது, சேமியாவோ கொதிக்கும் நீரிலும் கரையாமல் நிற்கிறது. பாஸ்தாவுக்கு உரிய 'டியூரம்' என்னும் கடினக் கோதுமையில் இந்த வலை இறுக்கமாக அமைவதால், உள்ளிருக்கும் மாவுச்சத்து மெல்லச் செரித்து, இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறாமல் இருக்க உதவுகிறது. நடுவில் சற்றே பல்லில் தட்டுப்படும் பதத்தில், இத்தாலியர் 'அல் டென்டே' என்று சொல்லும் நிலையில், இறக்கினால் இந்தப் பயன் குறையாமல் கிடைக்கும். மைதாவில் செய்தவையும் விற்கப்படுவதால், பொட்டலத்தில் எடை மிகுந்தது முதலாக அச்சிடப்படும் மூலப்பொருள் பட்டியலில் ரவை முதலில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

ஆனால் பாஸ்தாவோ சேமியாவோ மட்டும் சாப்பாடு ஆகிவிடாது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ஒரு நாள் உணவில் ஏறத்தாழப் பாதி காய்கறி, கீரை, பழங்களாக இருக்க வேண்டும் என்றும், தானியத்தோடு பருப்பு வகைகளும் சேர வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதால், தட்டில் கீரையும் பயறும் சேர்வது தள்ளிப்போடக்கூடிய காரியமன்று.

காலையில் வேலைக்குப் புறப்படும் முன் ஒரு கைப்பிடி பாசிப்பயறை ஊறவைத்துவிட்டால், மாலையில் அது குக்கரில் இரண்டு விசிலுக்குள் வெந்துவிடும். அந்த நேரத்திலேயே மற்றோர் அடுப்பில் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, நான்கு பேருக்குக் கால் கிலோ வறுத்த சேமியாவைப் போட்டால், இழை மெல்லியது என்பதால் மூன்று நான்கு நிமிடத்தில் பதமாகிறது. தடித்த பாஸ்தாவின் நடுவரை நீர் இறங்குவதற்குப் பத்து நிமிடம் வரை வேண்டும். வடித்து வைத்துவிட்டு, அகன்ற வாணலியில் இரண்டு கரண்டி நல்லெண்ணெய் காயவைத்து, கடுகு, உளுந்தம்பருப்பு, கறிவேப்பிலை, பச்சைமிளகாய் தாளித்து, பொடியாக நறுக்கிய கேரட், பீன்ஸ், கோஸ் ஆகியவற்றோடு உருவிய முருங்கைக்கீரையையும் சேர்த்து மூடி, காய் வெந்ததும் பயறையும் சேமியாவையும் கொட்டிக் கிளற வேண்டும்.

எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகே பிழிய வேண்டும், ஏனெனில் அதிலுள்ள வைட்டமின் சி சூட்டில் அழியக்கூடியது. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை, அதை ஏற்க உதவுவது இந்த வைட்டமின் சி. எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி, சிவகிரியிலிருந்து வாசுதேவநல்லூரைத் தாண்டினால் வந்துவிடும் தொலைவிலேயே இருப்பதால், இந்த ஊருக்கு அது அயல் சரக்கன்று. புளிப்பு ஏறினால் உப்பும் குறைவாகவே தேவைப்படும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு.

இந்தச் சமையலில் நேரம் பிடிப்பது அடுப்பு வேலையன்று, கீரை உருவுவதும் காய் நறுக்குவதுமே. நாள் முழுதும் உழைத்துத் திரும்பும் பெண் ஒருத்தியின் தலையில் அதையும் சுமத்தாமல், முந்தின இரவே வீட்டிலுள்ள ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக உட்கார்ந்து ஒரு கொத்துக் கீரையை உருவி வைத்துவிட்டால்தான், இருபது நிமிடம் என்ற கணக்கு சமைப்பவருக்கும் உண்மையாகும்.