ஆளொழிந்த இடங்கள்

ஆளொழிந்த கட்டிடங்களையும் மூடிக் கிடக்கும் சுரங்கங்களையும் தேடிச் சென்று பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட வாலிபர்கள் பல தேசங்களிலும் உளர். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தில் 1986ஆம் வருஷத்திலேயே, பாதாள வடிகால்களில் இறங்கிப் பார்ப்பதற்கென்று 'கேவ் கிளான்' என்றொரு சங்கம் தோன்றிற்று. பாரிஸ் நகரத்தின் அடியில், கல் வெட்டியெடுத்த பழைய சுரங்கங்களுக்குள் அநுமதியின்றி நுழைவது 1955 முதல் குற்றம், நுழைவோர் ஒழிந்தபாடில்லை. இது வேலையற்றவர் வேலை என்று பெரியோர் நகைக்கக்கூடும். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். சேலத்தில், ஏற்காடு செல்லும் சாலையோரம் தனித்து நிற்கும் ஒரு வளைவு அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டது.

அது மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்தாபனத்தின் முகப்பு. படமெடுக்க வேண்டித் தமிழர் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ரயிலேறிய அக்காலத்தில், 1935இல், ஸ்ரீ டி. ஆர். சுந்தரம் அதனைச் சேலத்திலேயே நிறுவினார். 1938இல் மலையாளத்தின் முதல் பேசும் படமாகிய 'பாலன்' அங்கிருந்து வெளிவந்தது. 1956இல் தமிழின் முதல் முழுநீள வர்ணப்படமாகிய 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வெளிவந்தது. நூற்றுக்கு மேற்பட்ட படங்களை, ஆலையில் நூல் நூற்பதுபோல் ஒழுங்காகத் தயாரித்த இடம் அது. 1963இல் சுந்தரம் காலமானார். 1982இல் வேலை நின்றது. நிலம் மனைகளாக விலைபோய் வீடுகள் எழுந்துவிட்டன. இன்று வாயில் இருக்கிறது. புகுவதற்கு உள்ளே ஒன்றுமில்லை!

நிற்க. இதே சமவெளியில் சங்ககிரி துர்க்கமும் இருக்கிறது. 1805இல் தீரன் சின்னமலையைக் கும்பினியார் தூக்கிலிட்ட இடம். அதுவும் ஆளொழிந்ததே, ஆயினும் மத்திய சர்க்காரின் தொல்பொருள் இலாகாவினது பாதுகாப்பில் உள்ளது. கோட்டைக்குக் காவல், ஸ்டூடியோவுக்கு ஏன் இல்லை? புராதனச் சின்னங்களைப் பற்றிய 1958ஆம் வருஷத்துச் சட்டம், குறைந்தது நூறாண்டு நின்றதையே புராதனமென்று கொள்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸுக்கு நூறு நிரம்புவது 2035இல். அதுவரை காத்திருக்கக் கட்டிடத்தால் இயலவில்லை. அரசர் வாழ்ந்த இடம் நிலைக்க, தொழிலாளர் உழைத்த இடம் நூறு வயதுக்கு முன்பே மடிவது நம் கண்ணெதிரே நடக்கிறது.

ஆகவே அவ்வாலிபர்களை நாம் இகழ மாட்டோம். ஓர் ஆலை மூடப்பட்டதற்கும் இடிக்கப்படுவதற்கும் இடையிலுள்ள சில வருஷங்களில் அதற்குள் சென்று பார்ப்பவர்கள் அவர்களே. உடையவரின் சம்மதமின்றிப் புகுவது அத்துமீறல் என்பதையும், உளுத்த கூரைக்கும் பாழ்ங்கிணற்றுக்கும் தயவில்லை என்பதையும் அவர்கள் மறத்தலாகாது. ஆனால் சுவரெதிரே நின்று தம் முகத்தையே படம்பிடித்துத் திரும்புவதில் என்ன பயன்? அறையை அளந்து வரைபடம் எழுதலாம். அங்கே உழைத்தவரைத் தேடி விசாரிக்கலாம்.

1982இல் இருபது வயதுப் பையனாக அந்த ஸ்டூடியோவில் விளக்குப் பிடித்தவர் எவரேனும் இருப்பின், அவர் இன்று அறுபதைக் கடந்தவர். அவரை அவ்வீதிகளில் உடன் அழைத்துச் சென்று, ஒலிப்பதிவு மண்டபம் இருந்த இடத்தில் இப்போது எந்த வீடு நிற்கிறதென்று கேட்டுக் குறித்துக்கொள்ள இன்னும் அவகாசம் உண்டு.