உங்களுக்குத் தெரியுமா? ஒட்டாவாவில் உறையும் கால்வாய்

கனடாவின் தலைநகர் ஒட்டாவாவின் நடுவே ஓடும் ரிடோ கால்வாயில் கோடையில் படகு போகும், கடுங்குளிரில் 7.8 கிலோமீட்டருக்கு மக்கள் ஸ்கேட்டிங் போவார்கள். ராணுவத் தேவைக்காக வெட்டி, 1832-இல் திறந்த கால்வாய் இது. ஸ்கேட்டிங் தளமானது 1970-71 குளிர்காலத்தில். கட்டணம் கிடையாது!

இயற்கை மட்டும் செய்யும் வேலையல்ல இது. இலையுதிர் காலத்திலேயே நீர்மட்டத்தைக் குறைத்துவிடுகிறார்கள். ஐஸ் சுமார் 30 செ.மீ. கெட்டியானால்தான் அனுமதி. இரவில் ஐஸைத் துளைத்து, அடியிலிருக்கும் நீரை மேலே பாய்ச்சி உறையவிடுகிறார்கள். பகலெல்லாம் ஸ்கேட் கத்திகள் கீறிய கோடுகள் மறைந்து, காலையில் தளம் வழவழவென்று இருக்கும். ஐஸின் மேலேயே கடைகளும் உண்டு. நீளமாக இழுத்துப் பொரித்த மாவில் சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவிய 'பீவர்டெயில்' சூடாகக் கிடைக்கும். குளிருக்கு அதைவிட இதமான தீனி இல்லை.

2022-23 குளிர்காலத்தில் போதிய குளிரின்றி ஒருநாள்கூடத் தளம் திறக்கவில்லை. அதன் வரலாற்றிலேயே அதுதான் முதல்முறை என்பது கவலைக்குரிய செய்தி. பயணம் போகிறவர்கள் கரையில் பச்சைக்கொடி பறக்கிறதா என்று பார்த்துவிட்டே இறங்குங்கள். சிவப்பு என்றால் ஐஸில் கால் வைக்காதீர்கள்.