மரங்களின் தலைக்கு மேலே ஒரு நடை

கோலாலம்பூருக்குப் போய் வருகின்ற நம்மவர்களில் அநேகர் இரட்டைக் கோபுரத்தைப் பார்ப்பார்கள். மஸ்ஜித் இந்தியா வீதியில் புடைவை வாங்குவார்கள். பெட்டி நிறைந்ததும் விமானமேறி விடுவார்கள். அடுத்த முறை நீங்கள் போகும்போது அரை நாளை ஒதுக்கிக் கெப்போங் என்ற இடத்துக்கும் போய் வாருங்கள். நகரிலிருந்து சுமார் 16 கிலோமீற்றர்தான். மலேசிய வன ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. அதன் காட்டினுள்ளே, மரங்களின் உச்சி மட்டத்தில், நடந்து செல்வதற்கென்றே ஒரு பாலம் கட்டியிருக்கிறார்கள்.

பாலத்தைப் பற்றிச் சொல்லுமுன் அந்தக் காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாயிலுக்குள் நுழைந்ததும், ஆதிகாலந்தொட்டு மனிதன் கை படாமல் வளர்ந்த வனம் இது என்றே நினைப்பீர்கள். விடயம் அதுவல்ல. 1926ஆம் ஆண்டு பொக்ஸ்வேர்த்தி என்ற வனவியலாளர் இந்த இடத்தைத் தெரிவு செய்தபோது இங்கே காடு இருக்கவில்லை. ஈயம் தோண்டிக் கைவிடப்பட்ட நிலமும் மரக்கறித் தோட்டங்களுமே இருந்தன. மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் தண்ணீரைப் பீய்ச்சியடித்து மண்ணைக் கரைத்து, ஈயத்தை அரித்தெடுப்பார்கள். வளமான மேல்மண் போய்விடும், மிஞ்சுவது மணல்தான். இரத்தினபுரிப் பக்கம் மூடப்படாமல் கிடக்கும் மாணிக்கக் குழிகளைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நல்ல காடு எத்தனையோ இருந்த நாட்டில் இப்படியொரு நிலத்தை ஏன் எடுத்தார்கள்? அழிந்த இடத்தில் காட்டை மீண்டும் வளர்க்க முடியுமா என்பதே அன்றைய கேள்வி. 1929இல் நிலையம் உருவானது. கன்று கன்றாக நட்டார்கள். மழைக்காட்டுப் பெருமரங்களின் கன்றுகளுக்கு இளமையில் நிழல் வேண்டும். வெட்டவெளியில் அவை கருகிவிடும். ஆகவே இது ஓரிரு வருடங்களில் முடிந்த வேலையல்ல. நட்டவர்களில் எவரும் இன்றைய உயரத்தைக் கண்டிருக்க மாட்டார்கள். இன்று 500 ஹெக்டேயருக்கும் அதிகமான பரப்பில் அந்தக் காடு நிற்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

இங்கே நட்ட மரங்களில் ஒன்றை நீங்கள் தவறவிடக்கூடாது. மலாய் மொழியில் அதன் பெயர் ‘கபூர்’. பெயரைக் கேட்டதுமே விளங்கியிருக்கும். ஆம், கற்பூர மரந்தான்! முதிர்ந்த மரத்தின் வெடிப்புகளில் பளிங்கு போல உறைந்திருக்கும் கற்பூரத்தைத் தேடி அரபு வணிகர்களும் தமிழ் வணிகர்களும் கடல் கடந்து போனார்கள். சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாரூஸ் அக்காலக் கற்பூரத் துறைமுகம். அதனருகே 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்திருக்கிறது. அல்குர்ஆனில் ஸூரத்துல் இன்ஸான் குறிப்பிடும் காபூர் என்ற சொல்லை நாம் அறிவோம். ஜனாஸாவைக் குளிப்பாட்டும் கடைசித் தண்ணீரில் கற்பூரம் கலப்பதும் நம் வீடுகளில் தெரிந்ததே. ஆனால் இன்று கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி டர்பன்டைனிலிருந்து செய்யப்படுவது. அதற்கும் இந்த மரத்துக்கும் சம்பந்தமில்லை.

கபூர் மரங்களின் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தைத் தொடாது. இரண்டு உச்சிகளுக்கும் நடுவே கையளவு இடைவெளி. அந்த இடைவெளிகளெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து, வானத்தில் ஆறுகள் ஓடுவது போலிருக்கும். காற்றில் கிளைகள் உரசி முறிவதால் இப்படி ஆகிறது என்று சிலர் சொல்லி வந்தார்கள். மலேசியத் தாவரவியலாளர் பிரான்சிஸ் இங் 1977இல் இம்மரங்களை ஆராய்ந்தபோது உரசிய அடையாளம் எதையும் காணவில்லை. அயல் மரத்தின் இலைகளை நெருங்கும்போது வெளிச்சம் குறைவதை நுனிக் குருத்து உணர்ந்து, வளர்வதை நிறுத்திக் கொள்கிறது என்று அவர் கருதினார். சரியான காரணம் என்னவென்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

சரி, இனி மேலே ஏறுவோம். முதற்பாலம் 1992இல் அமைக்கப்பட்டது. சுமார் 30 மீற்றர் உயரத்தில் மரத்துக்கு மரம் தொங்கிய அந்தப் பாலம், அடி வைக்கும்போதெல்லாம் ஊஞ்சல் போல ஆடியது. பிற்காலத்தில் அது மூடப்பட்டு, இரும்புக் கோபுரங்களை இணைக்கும் புதிய பாலம் வந்தது. நீளம் சுமார் 250 மீற்றர். பழையதன் ஆட்டத்தை விரும்பியவர்களுக்கு இது சற்று ஏமாற்றந்தான். ஆனாலும் பாரம் இப்போது மரங்களின் மேல் இல்லை. வயதான உம்மாவையும் பயமின்றிக் கைபிடித்து அழைத்துப் போகலாம், படியேற முழங்கால் இடம் கொடுத்தால்.

மழைக்காட்டில் பூப்பதும் காய்ப்பதும் பெரும்பாலும் உச்சியில்தான். தரையில் நிற்பவனுக்கு உதிர்ந்தது மட்டுமே தெரியும். கபூரும் அதன் இனத்து மரங்களும் வருடந்தோறும் பூப்பதில்லை. சில வருடங்களுக்கு ஒரு முறை காடு முழுவதும் ஒன்றாகப் பூக்கும். அப்படியொரு காலத்தில் போக வாய்த்தால் நீங்கள் பாக்கியசாலிகள். கபூரின் காய்க்கு ஐந்து சிறகுகள். பம்பரமாகச் சுழன்று கொண்டே விழும்.

போகுமுன் பாலம் திறந்திருக்கிறதா என்று விசாரித்து, முன்கூட்டியே பதிந்து கொள்ளுங்கள். காலை வேளையே நல்லது. பின்னேரம் அங்கே மழைக்குக் குறைவில்லை. பிள்ளைகளுக்குச் செருப்பு வேண்டாம், சப்பாத்துப் போடுங்கள். உச்சியிலிருந்து தூரத்தில் கோலாலம்பூரின் கோபுரங்கள் தெரியும். பிள்ளைகள் அவற்றைத்தான் முதலில் காட்டுவார்கள். காட்டட்டும். பிறகு காலடியில் விரிந்து கிடக்கும் பச்சையைக் காட்டி, இதன் கீழே ஒரு காலத்தில் ஈயக் குழிகள் இருந்தன என்று சொல்லிப் பாருங்கள். இலேசில் நம்ப மாட்டார்கள்.